ஆறு வால்வும் ஒரு சீலிங் ஃபேனும்

என் அலமாரியில் ஒரு பழைய எவர்சில்வர் டிபன் டப்பா இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரில் ஓடாத நேரம் என் கண்ணாடி வால்வுகள் அதில்தான், மகளின் பழைய சாக்ஸில் சுற்றி இருக்கும். டிரான்சிஸ்டருக்கு முன்பு சத்தத்தைப் பெருக்கிய வெற்றிடக் குழல்கள் இவை. எல்லாமே இசிசி83 ரகம். அமெரிக்கர்கள் 12ஏஎக்ஸ்7 என்று சொல்வது. கம்பெனிப் பெயரில் சொன்னால் மூன்று பிஇஎல், ஒரு மல்லார்டு, ஒரு 'டெலிஃபுங்கன்', ஒரு புது ஜேஜே. மல்லார்டு ஜோடியாகத்தான் வந்தது. இன்னொன்று எங்கே போனது என்பதைப் பிறகு சொல்கிறேன். டெலிஃபுங்கனுக்கு ஏன் மேற்கோள் குறி என்பதையும்.

இந்த வால்வுகளில் எது நல்ல சத்தம் தரும் என்று மூன்று வருடம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு வருடம் நான் கேட்டது வால்வையே இல்லை. வேறு எதையெல்லாமோ கேட்டுவிட்டு வால்வுக்குப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதைதான் இது.

என் ஆம்ப்ளிஃபையர் நானே கட்டியது. 1950களில் மல்லார்டு கம்பெனி வெளியிட்ட '5-10' என்ற பிரபலமான சர்க்யூட் உண்டு: ஐந்து வால்வு, பத்து வாட். என்னுடையது அதற்குத் தூரத்துச் சொந்தம். ஒரு சானலுக்கு ஒரு இசிசி83, அதன் பின்னால் புஷ்-புல்லாக, அதாவது மாறி மாறித் தள்ளி இழுக்கும் ஜோடியாக, ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு இஎல்84 பவர் வால்வு. ரெக்கார்டு பிளேயரின் மெல்லிய சிக்னலை முதலில் பெருக்கத் தனியாக ஒரு போனோ ப்ரீஆம்ப். அதிலும் சானலுக்கு ஒரு இசிசி83. டிரான்ஸ்ஃபார்மர்களை எங்கள் ஊர் கணபதிப் பகுதியில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் சுற்றி வாங்கினேன். பம்பு செட்டுக்குக் காயில் கட்டிப் பழகிய கை. 8 கிலோ ஓம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் என்றதும் முதலில் சிரித்தார்கள், அப்புறம் நான் கொடுத்த கணக்குப்படி அடுக்கடுக்காகப் பிரித்து அழகாகச் சுற்றிக் கொடுத்தார்கள். கோயமுத்தூரில் இருப்பதில் இப்படி ஒரு வசதி.

முதலில் போனோவில் இருந்தவை பிஇஎல் வால்வுகள். திருச்சி பெல் இல்லை. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ். 1961ல் அங்கே ரேடியோ வால்வுகள் தயாரிக்க ஆரம்பித்தார்கள். பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் மரப்பெட்டிகளில் இன்றும் கிடைக்கின்றன. எனக்கு உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில், உடைந்த ரேடியோகிராம் (ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் ஒரே பெட்டியில்) ஒன்றோடு சேர்ந்து வந்தன. விலை குறைவு என்பதாலேயே எனக்கு அவற்றின் மேல் மரியாதையும் குறைவு.

மல்லார்டு ஜோடி வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஜோடி பதினாலாயிரம் ரூபாய். வீட்டில் சொன்ன விலை வேறு. வீணை எல்பி ஒன்றைப் போட்டேன். பிஇஎல்லில் கேட்டதை விட எல்லாமே முன்னால் வந்து நின்றது. மீட்டின் கூர்மை, தந்தி மேல் விரல் வழுக்கும் ஓசை, பின்னால் தம்புராவின் ரீங்காரம் எல்லாம் தனித்தனியாகக் கேட்டது. 'இதற்குத்தான் இங்கிலாந்துக்காரன் வால்வு' என்று ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சிங்காநல்லூரில் எனக்குத் தெரிந்த பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் போய்ப் பெருமையடித்தேன். எழுபதைத் தாண்டியவர். கடையை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது, கையை இன்னும் மூடவில்லை.

"மாத்திப் போட்டப்ப வால்யூமத் தொட்டீங்களா தம்பி?"

"இல்லீங்ணா. தொடவே இல்ல, அதே இடத்துல வச்சுத்தான் கேட்டேன்."

"அங்கதான் தப்பு."

நான் அதைத்தான் நேர்மை என்று நினைத்திருந்தேன். குமிழ் அதே இடத்தில் இருந்தால் போட்டி சமம் என்று. அவர் மீட்டரை எடுத்துக் கொடுத்து, அளந்து பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

அளந்தேன். போனிலிருந்து 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை, ரெசிஸ்டர்கள் வைத்து நன்றாகக் குறைத்து போனோ இன்புட்டில் கொடுத்து, ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் பார்த்தேன். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம். சாதாரண மல்டிமீட்டர்கள் 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை, மேலே போகப் போகப் பொய் சொல்லும். பிஇஎல் போட்டால் 1.00 வோல்ட். மல்லார்டு போட்டால் 1.14. கணக்குப் போட்டால் 1.1 டெசிபல். 'சத்தம் கூடியிருக்கிறது' என்று காதுக்குத் தெரியாத அளவு. ஆனால் 'தெளிவாக இருக்கிறது, அருகில் வந்துவிட்டது' என்று தோன்றப் போதுமான அளவு. கடையில் விற்க வேண்டிய ஸ்பீக்கரை ஒரு பொடி கூட வைத்துக் காட்டுவார்களே, அதே வித்தைதான். எனக்கு நானே செய்துகொண்டேன்.

ஏன் கூடியது? டேட்டா ஷீட்டில் இசிசி83-இன் பெருக்கம் 100, உள் மின்தடை 62.5 கிலோ ஓம். பிளேட்டில், அதாவது பெருகிய சிக்னல் வெளியே வரும் முனையில், 100 கிலோ ஓம் வைத்தால் நமக்குக் கிடைப்பது சுமார் 61 மடங்கு. வால்வு ஓடி ஓடித் தேயும்போது பெருக்கம் பெரிதாக மாறாது, உள் மின்தடைதான் ஏறும். அது 90 கிலோ ஓம் ஆனால் சுமார் 53 மடங்குதான். என் பிஇஎல்கள் அந்த ரேடியோகிராமில் எத்தனை வருடம் பாடினவோ! அவை மட்டமான வால்வு இல்லை, வயதான வால்வு. நான் ஒரு கிழவரையும் ஒரு இளைஞனையும் ஓடவிட்டு, எந்த ஊர் ஆள் நல்ல ஓட்டக்காரன் என்று முடிவு கட்டியிருக்கிறேன்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எல்பி ரெக்கார்டில் பேஸைக் குறைத்தும் ட்ரெபிளைக் கூட்டியும் வெட்டியிருப்பார்கள். போனோ ப்ரீஆம்ப் அதைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். என் சர்க்யூட்டில் அந்தச் சரிசெய்யும் ரெசிஸ்டர்-கண்டன்சர் வலை இசிசி83-இன் இரண்டு பாதிகளுக்கு நடுவில் இருக்கிறது (ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு அது). வால்வின் உள் மின்தடை அந்த வலையோடு சேர்ந்துவிடுகிறது. ஆக, வால்வு தேய்ந்தால் சத்தம் மட்டுமல்ல, பேஸ்-ட்ரெபிள் விகிதமும் ஒரு நூல் நகரும். 'இந்த வால்வு கதகதப்பு, அந்த வால்வு பளிச்' என்று எழுதுகிறார்களே, அதில் ஒரு பகுதி இப்படிப்பட்ட கணக்குதான் என்பது என் கருத்து. மெயின் ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கரிலிருந்து முதல் வால்வுக்கு ஃபீட்பேக் இருப்பதால், அதாவது வெளியே வருவதில் ஒரு பங்கு திரும்பி வந்து அளவைக் கட்டுப்படுத்துவதால், அங்கே வால்வு மாற்றினால் அளவு அரை டெசிபல்கூட நகரவில்லை.

அதன்பின் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: இரண்டு வால்வையும் ஒப்பிடும் முன் ஸ்பீக்கர் முனையில் வோல்ட் ஒரு சதவீதத்துக்குள் சமமாக இருக்க வேண்டும். அது 0.1 டெசிபல். இரண்டு சானலுக்கும் தனித்தனி வால்யூம் குமிழ் இருப்பதால் எனக்கு இது சுலபம்.

அடுத்து மாட்டியது கரண்டு. சாயங்காலம் ஏழு மணிக்குக் கேட்ட வால்வு ராத்திரி பதினொன்றுக்கு வேறு மாதிரி இருந்தது. எங்கள் தெருவில் சாயங்காலம் 210 வோல்ட், தெரு அடங்கியபின் 240ஐத் தாண்டும். என் பவர் டிரான்ஸ்ஃபார்மர் 220க்குச் சுற்றியது. 242 வந்தால் வால்வைச் சூடேற்றும் ஹீட்டர் இழைக்கு 6.3க்குப் பதில் 6.9 வோல்ட் போகும், பிளேட் வோல்டேஜும் அதே விகிதத்தில் ஏறும். சாயங்காலம் பிஇஎல், ராத்திரி மல்லார்டு என்று கேட்டவன் நான். மீண்டும் கணபதி கடைக்குப் போய் காயிலில் 240க்கு ஒரு தனி முனை (டேப்) எடுத்துத் தரச் சொன்னேன். இப்போது எதைக் கேட்டாலும் முதலில் மீட்டரில் கரண்டைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

இனி கண்டன்சர் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நல்ல இஎல்84 ஒன்றைக் குப்பையில் போடப் பார்த்தேன்.

வலது சானலில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்தது. விளக்கை அணைத்துப் பார்த்தால் ஒரு இஎல்84-இன் பிளேட் ஓரத்தில் மங்கலான சிவப்பு. வால்வு போய்விட்டது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொன்னேன். சிங்காநல்லூர் அண்ணன் போனில் கேட்டது ஒன்றே: "வால்வ எடம் மாத்திப் பாத்தீங்களா?"

என் ஆம்ப்ளிஃபையரில் ஒவ்வொரு இஎல்84-க்கும் கேதோடில், அதாவது எலெக்ட்ரான் கிளம்பும் முனையில், தனித்தனி 270 ஓம் ரெசிஸ்டர். அதன் குறுக்கே வோல்ட் பார்த்தால் வால்வு எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று தெரிந்துவிடும். 10.8 வோல்ட் என்றால் 40 மில்லிஆம்பியர். 300 வோல்ட் சப்ளையில் அதுதான் ஆரோக்கியம். இடது சானலில் 10.6, 10.9. வலதில் ஒன்று 10.4, சிவந்தது 14.6. அதாவது 54 மில்லிஆம்பியர். இஎல்84-இன் பிளேட் தாங்குவது 12 வாட். இங்கே அதைத் தாண்டிவிட்டது. இரண்டு வால்வையும் இடம் மாற்றினேன். 14.6 அதே சாக்கெட்டிலேயே நின்றது. புதிதாக வந்த நல்ல வால்வும் அங்கே சிவக்க ஆரம்பித்தது.

குறை வால்வோடு நகர்ந்தால் வால்வு. சாக்கெட்டிலேயே நின்றால் சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏதோ ஒன்று. இவ்வளவுதான் சோதனை. அதற்குப் பிறகு அந்த வால்வை உருவிவிட்டு, ஆன் செய்து, காலி சாக்கெட்டின் இரண்டாவது பின்னில், அதாவது சிக்னல் நுழையும் கிரிட்டில், டிசி பார்த்தேன். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 3 வோல்ட். முந்தைய நிலையிலிருந்து சிக்னலை மட்டும் விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய கண்டன்சர் ஒழுகுகிறது. கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோ ஓம். 3 வோல்ட் வர ஆறு மைக்ரோஆம்பியர் கசிவு போதும். அவ்வளவு சின்ன ஒழுகல்.

வெட்கக்கேடு என்னவென்றால், அந்தக் கண்டன்சரை நானே தேடிப்பிடித்து வாங்கிப் போட்டிருந்தேன். 'பழைய பேப்பர் கண்டன்சருக்கு ஒரு இனிமை உண்டு' என்று யாரோ சொன்னதை நம்பி. வெற்றிடத்தில் மூடப்பட்ட வால்வு அறுபது வருடம் பெட்டியில் கிடந்தாலும் புதிதாகவே எழுந்துவரும். பேப்பரும் மெழுகும் அப்படி இல்லை, ஈரம் குடித்துவிடும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு இருபது ரூபாய் பாலிப்ரோப்பிலீன் கண்டன்சர் போட்டேன். வலது சானலின் 'பழங்கால இனிமை' அன்றோடு காணாமல் போனது. ஒழுகலுக்குத்தான் அந்தப் பெயர் வைத்திருந்தேன் போல.

இதையெல்லாம் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று: உள்ளே இருப்பது 300 வோல்ட் டிசி. ஸ்விட்சை அணைத்தபின்னும் ஃபில்டர் கண்டன்சரில் தங்கும். ஐந்து வாட் ரெசிஸ்டர் ஒன்றால் வடித்து, மீட்டரில் பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்தபின்தான் கை வைப்பேன். ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் ஒரு கை சட்டைப்பையில் இருக்கும். பழைய மெக்கானிக்குகள் எல்லோரும் சொல்லும் விதி இது, ஒரு முறை அடி வாங்கியபின்தான் எனக்குப் புரிந்தது.

சரி, மல்லார்டுக்கு வருவோம். கேட்டு முடித்த வால்வைச் சூடு ஆறுவதற்குள் மாற்ற வேண்டும், காதில் நினைவு போய்விடும் என்று ஒரு அவசரம். துணியைச் சுற்றிப் பிடித்து, அப்படியும் இப்படியும் ஆட்டி உருவினேன். 'டிக்' என்று மெல்லிய ஒரு சத்தம். வெளியே எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை பார்த்தபோது, உச்சியில் கண்ணாடி போல் பளபளத்த வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தது. அந்தப் பூச்சு பேரியம். உள்ளே மிஞ்சும் வாயுவைப் பிடித்து வைப்பதற்காகப் பூசுவது. வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். பின் ஒன்றின் அடியில் மயிரிழை விரிசல். ஏழாயிரம் ரூபாய். பழைய வால்வு வாங்கும்போது முதலில் உச்சியைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்: வெள்ளியாகவோ பழுப்பாகவோ இருந்தால் பரவாயில்லை, வெள்ளையாக இருந்தால் அது வெறும் கண்ணாடி. உருவும்போது ஆட்டாமல், நேராக மேலே.

அந்தத் துக்கத்தில்தான் இன்னொன்று வாங்கப் போய் 'டெலிஃபுங்கன்' வந்தது. படம் அழகாக இருந்தது: வழவழப்பான பிளேட், எழுத்தும் பளிச். அசல் டெலிஃபுங்கன் இசிசி83-ஐக் கவிழ்த்துப் பார்த்தால், பின்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே அச்சாக ஒரு சின்ன வைரக் குறி இருக்கும். என் வால்வின் அடியில் ஒன்றுமில்லை, மொழுமொழுவென்று இருந்தது. அதே மாதிரி வழவழப்பான பிளேட் வைத்த இசிசி83-ஐ யூகோஸ்லாவியாவின் நிஷ் நகரத்தில் இஐ நிறுவனமும் செய்தது. என்னுடையது அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்; பெயரை இடையில் யாரோ அச்சடித்திருக்கிறார்கள். விற்றவரிடம் கேட்டேன், பதில் இல்லை. ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும்: வால்வு நல்ல வால்வு. அளந்தால் எல்லாம் சரி, இரைச்சலும் குறைவு. பொய் சொன்னது எழுத்து மட்டும்தான்.

இதனால் எழுத்தை நம்புவதையே விட்டுவிட்டேன். மல்லார்டே 1927லிருந்து பிலிப்ஸின் கையில் இருந்த கம்பெனி. அதே வடிவம் இங்கிலாந்தின் பிளாக்பர்னிலும், நெதர்லாந்தின் ஹீர்லனிலும், ஹாம்பர்கில் வால்வோ (கார் கம்பெனி இல்லை) பெயரிலும் தயாரானது. ஒருவருக்கு ஒருவர் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டதும் உண்டு. அறுபதுகளின் மல்லார்டில் கண்ணாடியின் அடிப்பகுதியில், பின்களுக்குச் சற்று மேலே, சாம்பல் நிறத்தில் பொறித்த இரண்டு வரிக் குறி இருக்கும். இரண்டாவது வரியின் முதல் எழுத்து 'பி' என்றால் பிளாக்பர்ன். அடுத்த இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம். அப்புறம் மாதத்துக்கு ஒரு எழுத்து, வாரத்துக்கு ஒரு இலக்கம். பெயர் விரலால் தேய்த்தாலே போய்விடும், இந்தக் குறி போகாது. அதனால் அறுபது வருடப் பழசில் பெயர் மட்டும் நேற்று அடித்ததுபோல் பளபளத்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். போதாததற்கு, மல்லார்டு, டங்-சால் போன்ற பழைய பெயர்களில் ரஷ்யாவில் இன்று தயாராகும் வால்வுகளும் கடையில் இருக்கின்றன. அவை போலி அல்ல. பெயர் உரிமை வாங்கிச் செய்பவை. பழசு என்று நினைத்து வாங்கினால்தான் ஏமாற்றம்.

ரஷ்யா என்றதும் என் முட்டாள்தனம் ஒன்று. 6என்2பி என்ற சோவியத் வால்வு இசிசி83 மாதிரிதான், விலை பத்தில் ஒரு பங்கு என்று வாங்கிச் செருகினேன். எரியவே இல்லை. பெருக்கம் ஒரே மாதிரிதான், ஆனால் ஹீட்டர் பின்கள் வேறு. இசிசி83-ஐ 6.3 வோல்ட்டில் ஓட்ட நாலாவது, ஐந்தாவது பின்களை ஒன்றாகச் சேர்த்து, ஒன்பதாவதோடு சப்ளை கொடுப்போம். 6என்2பி-க்கு நாலும் ஐந்தும்தான் ஹீட்டரின் இரு முனைகள். ஒன்பது உள்ளே இருக்கும் மறைப்புத் தகடு. என் செட்டில் எரியாமல் போனது அதிர்ஷ்டம். நாலுக்கும் ஐந்துக்கும் இடையே 12.6 வோல்ட் கொடுக்கும் செட்டாக இருந்திருந்தால் அங்கேயே கருகியிருக்கும். இஎல்84 விஷயத்தில் சோவியத் வால்வு தங்கம்: 6பி14பி-ஈவி அப்படியே செருகலாம். என் செட்டில் நாலும் அதுதான், இன்றுவரை 10.8ஐ விட்டு நகரவில்லை.

காதால் ஒப்பிடும் விஷயம் இன்னும் பாக்கி. அணைத்து, ஆறவிட்டு, மாற்றி, சூடேற்றி, மீண்டும் கேட்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விடுகிறது. ஐந்து நிமிடம் கழித்துக் காது சாட்சி சொல்லாது. மனசுதான் சொல்லும், அதுவும் விலையைப் பார்த்துச் சொல்லும். கடைசியில் பிடித்த வழி இது. ஒரு பெட்டியில், இரண்டு இணைப்பை ஒரே தள்ளில் மாற்றும் டிபிடிடி சுவிட்ச் ஒன்று. இடது சானலில் ஒரு வால்வு, வலதில் இன்னொன்று. மோனோ ரெக்கார்டு, ஒரே ஸ்பீக்கர். சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் ஸ்பீக்கர் இடது சானலில், மறுபக்கம் தள்ளினால் வலதில். ஸ்பீக்கர் இல்லாத சானலில் 8 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் தானாக விழும்படி ஒயர் செய்திருக்கிறேன். அது கட்டாயம்: வால்வு ஆம்ப்ளிஃபையரை ஸ்பீக்கர் இல்லாமல் சிக்னலோடு ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு உடையலாம். பத்து முறை கேட்டதும் வால்வுகளை இடம் மாற்றி இன்னொரு பத்து. இல்லையென்றால் நான் கேட்பது சானலா வால்வா என்று தெரியாது.

மகள் புத்தக அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து நாணயம் சுண்டி சுவிட்சைத் தள்ளுவாள். நான் எது என்று நோட்டில் எழுத வேண்டும். ஒரு முறைக்கு ஐந்து ரூபாய் கூலி கேட்டாள், மூன்றுக்கு முடிந்தது.

தேய்ந்த பிஇஎல்லும் மல்லார்டும், வால்யூமைச் சமன் செய்யாமல்: 20க்கு 19. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அதே ஜோடி, 0.1 டெசிபலுக்குள் சமன் செய்தபின்: 12. டப்பாவில் இருந்த மூன்றாவது பிஇஎல், தேயாதது, மல்லார்டோடு: 11. அந்தப் பதினொன்றைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது என்றே சொல்ல வேண்டும்.

வித்தியாசமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆம்ப்ளிஃபையரை ஓடவிட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் வால்வை மெல்லத் தட்டினால் சில வால்வுகளில் 'டொக்' என்று அடங்கும், சிலவற்றில் கோயில் மணி மாதிரி 'டிங்ங்' என்று இழுக்கும். என் ஆறில் ஒன்று அப்படி மணியடித்தது. அதைப் போனோவில் போட்டு வால்யூமை ஏற்றினால், ஸ்பீக்கரின் அதிர்வே வால்வை ஆட்டி, சத்தத்தோடு ஒரு கூடத்து எதிரொலி சேரும். முதல் கேட்புக்கு அது 'விசாலமாக' இருக்கும்! அதுவே மெயின் ஆம்ப்ளிஃபையரில் போனால் ஒரு தொந்தரவும் இல்லை. இரைச்சலும் அப்படித்தான்: ரெக்கார்டு இல்லாமல் வால்யூமை முழுக்க ஏற்றி, ஸ்பீக்கர் அருகே காதை வைத்தால் வால்வுக்கு வால்வு 'ஸ்ஸ்' மாறும். அமைதியானது போனோவுக்கு, மற்றது பின்னால். இஎல்84 தேய்ந்தால் வேறு விதம்: நண்பரின் ஆசிலாஸ்கோப்பில் என் பழைய ஜோடி 6 வாட்டிலேயே அலையின் தலையை வெட்டியது, புதியது 10 வரை தாங்கியது. மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி இழுக்கும் இடத்தில் அது காதுக்கும் கேட்டது.

மல்லார்டின் ஜோடி உடைந்ததால் இப்போது போனோவில் இடது பக்கம் மல்லார்டு, வலது பக்கம் அந்த மூன்றாவது பிஇஎல். இரண்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. வீட்டுக்கு வந்து கேட்டவர்களில், வால்வு வெறி பிடித்த இரண்டு பேர் உட்பட, ஒருவரும் இடது வலது வேறாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஒருவர் மட்டும் "பிஇஎல்லா? அதான் வலது பக்கம் கொஞ்சம் மந்தம்" என்றார், நான் வால்வைக் காட்டிய பிறகு.

போன மாதம் சிங்காநல்லூர் அண்ணனை வீட்டுக்கு அழைத்துவந்து சுவிட்ச் பெட்டியைக் காட்டினேன். நோட்டையும் காட்டினேன். சேரில் சாய்ந்து ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தபோது ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தார்.

"இத்தன நாளும் இந்த ஃபேன ஓடவிட்டுத்தான் கேட்டீங்களா தம்பி?"

மே மாத வெயில், நாலு இஎல்84-இன் சூடு. ஃபேனை நிறுத்த யாருக்குத் தோன்றும்? நிறுத்தினேன். அறை திடீரென்று ஆழமாகிவிட்டது. வலது சானலில், பிஇஎல் இருந்த பக்கம், ஒரு மெல்லிய 'ஸ்ஸ்'; மூன்று வருடத்தில் நான் கேட்டே இராதது.

அவர் போனபின் வேர்க்க வேர்க்க மறுபடி இருபது முறை. 13 வந்தது. பார்த்தாயா என்றேன் மகளிடம். பன்னிரண்டாம் வகுப்பில் நிகழ்தகவு படிக்கிறாள். இருபது தடவை நாணயம் சுண்டினாலே 13 வரும், 15 வந்தால் பேசலாம் என்கிறாள். வரும் ஞாயிறு மறுபடி உட்காருகிறோம், ஃபேன் இல்லாமல். கூலி ஐந்து ரூபாயாம்.